கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரை: மலை வீட்டில் கையால் செய்யும் பரிசுகள்

நீங்கள் கேட்டிருப்பது இது. கோத்தகிரியில் வீடு. 11 வயதில் ஒரு பெண், 7 வயதில் ஒரு பையன். அரையாண்டு விடுமுறையில் இருவரையும் சேர்த்துக்கொண்டு, கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்குமாகப் பன்னிரண்டு பேருக்குக் கையாலேயே பரிசு செய்ய வேண்டும். கையில் 1,500 ரூபாய். போன வருஷம் காய்ந்த பூவை ஒட்டிச் செய்த வாழ்த்து அட்டைகள் கொடுப்பதற்கு முன்பே பூசணம் பூத்துவிட்டன. எங்கே தவறு நடந்தது, இந்த முறை என்ன செய்யலாம்?

தவறு எங்கே என்பதிலிருந்தே தொடங்குகிறேன். அது புரிந்துவிட்டால் என்ன செய்யலாம் என்பதில் பாதி தானாகத் தெரிந்துவிடும். நான் குன்னூரில் ஒரு பள்ளியில் 26 வருஷம் கைவேலை சொல்லிக்கொடுத்தவள். கைவேலைப் புத்தகங்களில் வரும் செய்முறைகள் பெரும்பாலும் கீழ்நாட்டு வெயிலை மனதில் வைத்து எழுதியவை. “நிழலில் இரண்டு நாள் உலர்த்தவும்” என்று ஒரு வரி இருக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் டிசம்பர் வரை நம் மலையின் கிழக்குச் சரிவு முழுக்க நனைந்தேதான் கிடக்கும். மழை விட்டால் மூடுபனி. நிழலில் உலர்த்திய பூ இரண்டு நாளில் கூடுதலாக ஈரம் குடித்திருக்கும். அதை நீங்கள் மைதாப் பசையால் ஒட்டியிருப்பீர்கள். அரைகுறையாகக் காய்ந்த பூ, மாவுப் பசை, மூடி வைத்த பெட்டி. பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்?

அதனால் நம் ஊருக்கு நான் வைத்திருக்கும் முறை இது. ஈரத்துக்குப் பயப்படாத பொருளை முதலில் எடுங்கள்: துணி, கம்பளி, தேன்மெழுகு, தேயிலைச் சாயம், டின், மண் அகல். இலையும் பூவும் இல்லாமல் மனசு கேட்கவில்லையென்றால் அளவோடு சேருங்கள், அடுப்புச் சூட்டில் உலர்த்துங்கள். விறகடுப்பு உள்ள வீடென்றால் அடுப்புக்கு மேலே பரண் போதும். இல்லாத வீட்டில் ஃப்ரிட்ஜை ஒட்டின இடம் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். இலைகளைச் செய்தித்தாளுக்குள் வைத்து மேலே கனமான பலகை ஏற்றி அங்கே வையுங்கள். முதல் ஐந்து நாளும் தாளைத் தினமும் மாற்ற வேண்டும். இதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பழைய தாள் உறிஞ்சிய ஈரம் இலைக்கே திரும்பிப் போகும். சதைப்பற்றுள்ள பூ எதுவும் வேண்டாம். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கின் இலை நன்றாகக் காயும். அதன் அடிப்பக்கத்து வெள்ளி நிறம் காய்ந்த பிறகும் மங்குவதில்லை. ஒட்டுவதற்கு ஃபெவிகாலை ஈர்க்குச்சி நுனியில் தொட்டு நாலு புள்ளி வைத்தால் போதும்.

உலர்த்தவே வேண்டாத இலை ஒன்று இருக்கிறது. உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். சாலையோர மண்சரிவில் முளைக்கும் ஒரு பெரணி. இலையின் அடிப்பக்கம் வெள்ளை மாவு பூசியதுபோல் இருக்கும். புறங்கையில் வைத்து ஓங்கித் தட்டினால் பச்சை குத்தியதுபோல் வெள்ளை அச்சு விழும். மலையில் வளர்ந்த பிள்ளை இதைச் செய்யாமல் இருந்திருக்காது. அதே விளையாட்டைக் கறுப்பு அட்டையில் செய்யுங்கள். அட்டையின் மேல் இலையை வைத்து, மேலே ஒரு தாள் போட்டு, உள்ளங்கையால் ஒரே ஒரு முறை அழுத்தி, நகர்த்தாமல் நேராகத் தூக்கினால், ஒவ்வொரு சிற்றிலையும் விளிம்புப் பல் வரைக்கும் பதிந்திருக்கும். விரல் பட்டால் அழியும் என்பதால் மேலே ஒரு டிரேசிங் தாளைத் திரைபோல் ஒட்டிவிடுங்கள். பெறுகிறவர் அந்தத் திரையை விலக்கிப் பார்க்கும்போது அட்டைக்கு இன்னும் அழகு கூடும். உங்கள் சின்னவன் தனியாகவே பன்னிரண்டு அட்டையும் செய்துவிடுவான். பெரணிக்கும் பைன் காய்க்கும் காப்புக்காட்டுக்குள் போக வேண்டாம். அனுமதியில்லாமல் அங்கிருந்து எதை எடுத்தாலும் வனச்சட்டப்படி குற்றம். வீட்டு வேலியோரம், சொந்தக்காரர் தோட்டம், கேட்டால் எடுத்துக்கொள்ளச் சொல்லும் எஸ்டேட், இவையே தாராளம்.

இப்போது பரிசுக்கு வருகிறேன். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு விதமாக யோசிக்காதீர்கள். மூன்று பொருளை நன்றாகச் செய்யப் பழகுங்கள். யாருக்கு எது என்பதைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, தேயிலைச் சாயம் ஏற்றிய துணி. எனக்கு இதில் தனிப் பிரியம். காடாத் துணி இரண்டரை மீட்டர் வாங்கி ஒன்றரை முழச் சதுரங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். வாஷிங் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்து அலசினால்தான் சாயம் சமமாகப் பிடிக்கும். 2 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் டஸ்ட் டீ போட்டு 15 நிமிஷம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். டீக்கடை மாஸ்டர் முகம் சுளிக்கும் அளவுக்குக் கடுப்பமாக இருக்க வேண்டும். துணியை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பிறகு டிகாக்‌ஷனில் மூழ்கவிடுங்கள். 40 நிமிஷத்தில் பழுப்பு வரும். இரவு முழுக்க விட்டால் மண் நிறம். மற்ற இலைச் சாயங்கள் பலவற்றுக்குப் படிகாரம் சேர்த்தால்தான் நிறம் நிற்கும். தேயிலையில் துவர்ப்பு தரும் டானின் நிறைய இருப்பதால் அது தானாகவே பருத்தியைப் பற்றிக்கொள்கிறது.

இதுவரைக்கும் பலருக்குத் தெரியும். இனிமேல்தான் விளையாட்டு. பத்துத் துருப்பிடித்த ஆணிகளை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு, மூழ்கும் அளவு வினிகர் ஊற்றி ஒரு வாரம் வையுங்கள். வாயு வெளியேற வேண்டும் என்பதால் மூடியை இறுக்காதீர்கள். கிடைப்பது லேசான மஞ்சள் கலந்த ஒரு தண்ணீர். சாயமேற்றிக் காயவைத்த துணியைப் பலகையில் இழுத்துக் குண்டூசி குத்திவிட்டு, இந்தத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டு ஒரு கோடு இழுங்கள். இழுக்கும்போது வெறும் ஈரக் கோடுதான். மூச்சு விடும் நேரத்துக்குள் அது சாம்பலாகி, நீலம் கலந்து, கறுத்துவிடும். வகுப்பில் இதை முதல் முறை காட்டிய நாளெல்லாம் பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி நின்றிருக்கிறார்கள். இரும்பும் டானினும் சேர்ந்தால் கறுப்பு. கலம்காரிக்காரர்கள் இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து, கடுக்காய் ஏற்றிய துணியில் எழுதுவது இதே வேலைதான். நம்மிடம் கடுக்காய்க்குப் பதில் தேயிலை.

பெரிய ஓவியம் தேவையில்லை. உங்கள் வீட்டு ஜன்னலில் தெரியும் மலை விளிம்பை ஒரே கோட்டில் போடச் சொல்லுங்கள். அதன் கீழே தேயிலை வரிசைகளுக்கு வளைகோடுகள். இரும்புத் தண்ணீர் துணியில் அதிகமானால் வருஷக்கணக்கில் இழையை அரித்துவிடும். எனவே ஒரு மணி நேரம் கழித்து, ஒரு கரண்டி சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, அப்புறம் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். பையனுக்குக் கையுறை போட்டுவிடுங்கள். பாட்டில் மட்டும் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும்.

இந்தத் துணி ஒரே நேரத்தில் பரிசாகவும் பரிசைச் சுற்றும் உறையாகவும் ஆகும். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு தமிழ்நாடு முழுக்க 2019-இல் தடை வருவதற்குப் பல வருஷம் முன்பே தொடங்கிவிட்டது. பளபளக்கும் பிளாஸ்டிக் உறையைத் தேடி அலைய வேண்டாம். நாலு முனையையும் எதிரெதிராகச் சேர்த்து மூட்டை கட்டி, முடிச்சில் ஒரு கற்பூர மரக் காயைச் செருகுங்கள். கீழே இருப்பவர்கள் தைல மரம், யூகலிப்டஸ் என்பார்கள். நமக்கு அது கற்பூர மரம். அதன் காயின் தலையில் நட்சத்திரம் செதுக்கியதுபோல் இருக்கும். நகத்தால் கீறினால் வாசனை வரும். மாலையாகக் கோர்ப்பதென்றால் பச்சையாக இருக்கும்போதே துளை போட்டுவிட வேண்டும். காய்ந்துவிட்டால் கல்தான்.

இரண்டாவது தேன்மெழுகு. கோத்தகிரியில் இருப்பவருக்கு இது கிடைக்குமா என்ற கவலையே வேண்டாம். தேன் எடுக்கும் குறும்பர், இருளர் மக்களோடு 1993-இலிருந்து வேலை செய்துவரும் கீஸ்டோன் அறக்கட்டளை உங்கள் ஊரில்தான் இருக்கிறது. மலைத்தேனோடு மெழுகும் இறங்குகிற இடம் அது. அரைக் கிலோ போதும்.

கார்த்திகை தீபத்துக்கு ஏற்றிய அகல்கள் வீட்டில் மிஞ்சியிருக்குமே, அவற்றைக் கழுவி எடுத்து வையுங்கள். கார்த்திகைக்கு எண்ணெய் ஏந்திய அகல் கிறிஸ்துமஸுக்கு மெழுகு ஏந்துவதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. நம் தெருவில் இரண்டு வீட்டுப் பண்டிகையும் அப்படித்தானே ஒன்றோடொன்று கலந்து கிடக்கிறது. சட்டியில் தண்ணீர் வைத்து, அதற்குள் ஒரு பழைய டின்னை இறக்கி, அதில் மெழுகைப் போடுங்கள். 62 முதல் 64 டிகிரிக்குள் உருகிவிடும். நேரடித் தீயில் ஒருபோதும் வைக்காதீர்கள். தப்பித்தவறி மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடி போட்டு அணைக்க வேண்டும். மூடியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டுதான் அடுப்பையே பற்றவைக்க வேண்டும்.

திரியில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். பூஜைக்கு வாங்கும் விளக்குத் திரி எண்ணெய்க்கானது. தேன்மெழுகில் அது புகைந்து கருகும். குரோஷா நூலை மூன்று புரியாக எடுத்து இறுக்கிச் சடை பின்னுங்கள். சடைத் திரி எரியும்போது நுனி தானாகவே வளைந்து தீக்குள் போய்ச் சாம்பலாகிவிடும், கத்தரிக்க வேண்டியிருக்காது. பின்னிய திரியை உருகிய மெழுகில் ஒரு முறை முக்கி, நேராக நீட்டிக் காயவைத்து, பிறகு அகலின் நடுவில் நிறுத்துங்கள். சடை பின்ன உங்கள் மகளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

குளிரைப் பற்றி இங்கே ஒரு எச்சரிக்கை. முதல் வருஷம் நான் ஊற்றிய மெழுகுவத்திகளை டிசம்பர் இரவில் ஜன்னலோரம் ஆறவைத்தேன். காலையில் பார்த்தால் ஒவ்வொன்றும் நடுவில் பாளமாக வெடித்திருந்தது. மேல்பக்கம் வேகமாக இறுகி, உள்ளே இருப்பது பின்னால் சுருங்குவதால் வரும் வெடிப்பு அது. அகலை அடுப்போரம் வைத்துக் கை பொறுக்கும் சூடாக்கிவிட்டு ஊற்றுங்கள். ஊற்றியதும் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் பழைய கம்பளியைப் போர்த்தி, மெல்ல ஆறவிடுங்கள். அப்படி ஆறினால் மேல்பரப்பு தண்ணீர்போல் வழவழப்பாக இருக்கும். ஒன்றை மட்டும் முதலில் செய்து ஒரு மணி நேரம் எரித்துப் பாருங்கள். தீ மெழுகில் மூழ்கினால் திரி மெலிசு, புகைந்தால் தடிமன். அதைச் சரிசெய்துகொண்ட பிறகு மற்றவற்றை ஊற்றலாம்.

மெழுகில் கொஞ்சத்தை இன்னொரு வேலைக்கு ஒதுக்குங்கள். பித்தவெடிப்புக்கும் உதட்டு வெடிப்புக்கும் தைலக்களிம்பு. பன்னிரண்டு பேரில் பாட்டி இருப்பார், தேயிலை பறிக்கப் போகிறவர் இருப்பார், அதிகாலையில் பால் ஊற்றுகிறவர் இருப்பார். பனிக்காலத்தில் இவர்கள் குதிகாலைப் பார்த்தால் எது உண்மையான பரிசு என்பது தெரியும். 20 கிராம் மெழுகு, 80 கிராம் எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், நம் வீடுகளில் அது வருஷத்தில் பாதி நாள் பாட்டிலுக்குள் கட்டியாகத்தான் இருக்கிறது. முழுக்கத் தேங்காய் எண்ணெயில் செய்தால் களிம்பு கல்லாகிவிடும். 50 கிராம் நல்லெண்ணெய், 30 கிராம் தேங்காய் எண்ணெய் என்று கலந்தால் விரலுக்கு இதமாக வரும். கோயம்புத்தூருக்கு அனுப்பும் டின்னுக்கு மட்டும் மெழுகை 25 கிராமாக ஏற்றுங்கள், இல்லையென்றால் அங்கே வெயில் ஏறும்போது இளகும். குதிகாலுக்கான டின்னில் பத்துச் சொட்டு நீலகிரித் தைலம் விடலாம். உதட்டுக்கானதிலும், சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் போவதிலும் தைலம் வேண்டாம்.

மூன்றாவது, பிள்ளைகளே முழுக்கச் செய்ய வேண்டிய தீப்பெட்டி ரயில். கிறிஸ்துமஸுக்கு முந்தைய 24 நாளுக்கும் தினம் ஒரு அறையைத் திறந்து பார்க்கும் நாட்காட்டி கடைகளில் விற்கிறதே, அதை நம் மலை ரயிலாக மாற்றிக்கொள்ளுங்கள். 24 காலித் தீப்பெட்டிகள். ஆறு ஆறாகச் சேர்த்து ஒட்டினால் நாலு பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலும் ஆறு இழுப்பறை. கீழ்ப்பாதிக்கு நீலம், மேல்பாதிக்கு வெளிர் மஞ்சள். எஞ்சினுக்கு அட்டைக் குழல் ஒன்று, பால்பாயிண்ட் பேனா மூடியில் புகைபோக்கி. எஞ்சினை எங்கே வைப்பது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். கீழ்நாட்டுப் பிள்ளை முன்னால் வைக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறுவதைப் பார்த்த பிள்ளை பின்னால் வைக்கும். அடியில் ஒட்டும் நீள அட்டையின் நடுவே பல்சக்கரத் தண்டவாளத்தை மறக்காமல் வரையச் சொல்லுங்கள். கல்லாறு, ஹில்குரோவ், ரன்னிமேடு, குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், உதகை என்று நிலையப் பெயர்களை ஓரத்தில் எழுதலாம். குன்னூருக்கு ரயில் வந்தது 1899-இல், உதகைக்கு நீண்டது 1908-இல். 46 கிலோமீட்டரில் 16 சுரங்கம். வெளியூர்ச் சொந்தக்காரப் பிள்ளைக்குப் போகும் ரயிலென்றால் இதையெல்லாம் பெட்டியின் பின்புறம் எழுதிவிடுங்கள்.

டிசம்பர் 1-ஐத் தவறவிட்டுவிட்டால் கவலையில்லை. டிசம்பர் 22-இலிருந்து ஜனவரி 14 வரை எண்ணினாலும் சரியாக 24 நாள் வரும். இடையில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, போகி எல்லாம் விழும். எனக்கு இந்தக் கணக்குத்தான் அதிகம் பிடிக்கும். உள்ளே வைக்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? ஒரு ஏலக்காய். சர்க்கரையில் பிரட்டிய ஆரஞ்சுத் தோல். கேரட் விதை பத்து. அழகான ஒரு பொத்தான். ஒரு விடுகதை, அடுத்த நாள் பெட்டியில் விடை. “காட்டில் பச்சை, சாக்கில் கறுப்பு, கோப்பையில் சிவப்பு” என்று நான் ஒன்று கட்டி வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பெட்டிகளில் வாக்குறுதிச் சீட்டு வையுங்கள்: “இன்று பாத்திரம் நான் கழுவுவேன்”, “இந்தச் சீட்டைக் காட்டினால் ஒரு சண்டையை நான் விட்டுக்கொடுப்பேன்”. என் வகுப்பில் ஒரு பெண் தன் தாத்தாவுக்குச் செய்த ரயிலில் எட்டுப் பெட்டிகளில் ஒரே வாசகத்தைத்தான் எழுதியிருந்தாள்: “இன்று உங்களுக்கு நான் பேப்பர் வாசித்துக் காட்டுவேன்”. அவருக்குக் கண்புரை. அந்தச் சீட்டுகளை அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தினமும் ஒன்றை எடுத்து நீட்டினாராம்.

அட்டைகளில் ஒட்டவோ துணியில் தைக்கவோ தோடர் பூவேலையைப் பார்த்து வரையலாமா என்று உங்கள் மகள் கேட்கலாம். என் வகுப்பிலும் கேட்பார்கள், வேண்டாம் என்றுதான் சொல்வேன். தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, மாதிரி வரையாமல், இழையை எண்ணி எண்ணியே தைக்கிறார்கள். அவர்கள் போர்த்தும் பூத்குளிக்கான வேலை அது. 2013-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அதை ஸ்கெட்ச் பேனாவில் நகலெடுப்பதைவிட, பட்ஜெட்டில் இடமிருந்தால் அவர்கள் கையால் தைத்த ஒரு சின்னப் பர்ஸை வாங்கி, பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு அதையே கொடுங்கள். வாங்கிக் கொடுத்தால் கைவேலை இல்லை என்று யார் சொன்னது? அதில் இருக்கும் கை இன்னொரு பெண்ணுடையது, அவ்வளவே. வாங்கிய பிறகு துணியைத் திருப்பி இழையை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவே உங்கள் மகளுக்கு ஒரு பாடம்.

பைன் காயைப் பற்றியும் ஒரு வார்த்தை, எல்லாரும் பொறுக்கி வருவதால். நம் மலையில் நட்ட பைன்களில் பட்டுலா என்ற மெக்சிகோ வகை நிறைய. அதன் காய் மரத்திலேயே வருஷக்கணக்கில் மூடிக் கிடக்கும், சூடு பட்டால்தான் விரியும். ஓவனில் 100 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் செதில்கள் பூவாகத் திறக்கும், உள்ளிருக்கும் பூச்சியும் செத்துவிடும். பிசின் தீப்பற்றக்கூடியது, பக்கத்திலேயே நில்லுங்கள்.

தின்பண்டம் கொடுக்க நினைத்தால் வீட்டுச் சாக்லேட்டை இந்த ஈரத்தில் முயல வேண்டாம். மேலே வெள்ளை பூத்துவிடும். கல்கல் செய்யுங்கள். மைதா, முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை சேர்த்துப் பிசைந்த மாவைச் சின்ன உருண்டையாக எடுத்து, முள்கரண்டியின் முதுகில் தேய்த்துச் சுருட்டினால் சங்குபோல் வரும், பொரித்தெடுக்க வேண்டியதுதான். வீட்டிலுள்ள அத்தனை பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு மாலை முழுக்க உருட்ட வேண்டிய பலகாரம் அது. சின்னவன் உருட்டியது கோணலாகத்தான் இருக்கும், அதையும் டின்னில் போடுங்கள். ஆறியபிறகு காற்றுப் புகாத டின்னில் அடைத்தால் இரண்டு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும்.

அப்புறம், கொடுக்கும் விதம். காசே செலவாகாத பகுதி இதுதான். ஆனால் பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் நினைவில் வைத்திருப்பது இதைத்தான். சர்ச்சிலும் ஆபீஸிலும் சீட்டுக் குலுக்கி கிறிஸ்துமஸ் ஃப்ரெண்ட் எடுப்பார்கள் இல்லையா, அதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். யார் பெயர் வந்ததோ அவருக்கு ஒரு வாரம் முழுக்கத் தெரியாமல் ஒரு நல்லது செய்ய வேண்டும். செருப்பைத் துடைத்து வைப்பது, வெந்நீர் எடுத்து வைப்பது. கடைசி நாள்தான் பரிசும் பெயரும்.

இன்னொன்று, கம்பளி நூல் வலை. நம் வீடுகளில் ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய உல்லன் எப்போதும் ஒரு பை நிறைய இருக்கும். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். பரிசை அலமாரிக்குப் பின்னாலோ கட்டிலுக்கடியிலோ ஒளித்து, அதில் நூல் நுனியைக் கட்டி, நாற்காலிக் கால், கதவுப்பிடி, ஜன்னல் கம்பி என்று வீடு முழுக்கச் சுற்றிக்கொண்டு வந்து, மறு நுனிகளையெல்லாம் வாசலில் ஒரே கொத்தாகத் தொங்கவிடுங்கள். அவரவர் நிறத்தைப் பிடித்து உருண்டை சுற்றிக்கொண்டே போக வேண்டும், அறுக்கக் கூடாது. பெரியப்பா மேசைக்கடியில் தவழ்வதையும், பாட்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே “மஞ்சளை இந்தப் பக்கம் விடுடா” என்று வழி சொல்வதையும் அன்றைக்குப் பார்ப்பீர்கள். மூட்டுவலி உள்ளவர்களுக்கு மட்டும் நூலை இடுப்பு உயரத்திலேயே கொண்டு போங்கள். ஆட்டம் முடியும்போது எல்லா உல்லனும் உருண்டையாகச் சுற்றப்பட்டுப் பைக்குத் திரும்பியிருக்கும்.

உங்கள் 1,500 ரூபாயில் பெரும் பங்கு காடாத் துணிக்கும் மெழுகுக்கும் போகும். களிம்புக்கு நல்லெண்ணெய், குரோஷா நூல், கறுப்பு அட்டை, இவை சொற்பம். தேயிலை வீட்டில் இருப்பது, ஆணி கொல்லையில் கிடப்பது. அதிகம் தேவைப்படுவது நாள்தான், அதனால் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். ஆணியை இன்றைக்கே வினிகரில் போடுங்கள், அதற்கு ஒரு வாரம் வேண்டும். இலைகளை இந்த வாரமே தாளுக்குள் வையுங்கள். மெழுகு வேலை விடுமுறையின் முதல் நாள், கல்கல் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு. பெரணி அட்டையைக் கடைசி நாள்கூடச் செய்யலாம். தீப்பெட்டி 24 உங்கள் ஒரு வீட்டில் சேராது. எதிர்வீட்டிலும் டீக்கடையிலும் சொல்லி வையுங்கள், எதற்கு என்று கேட்டால் மட்டும் சொல்லாதீர்கள், அவர்களுக்கும் ஒரு ரயில் போகப்போகிறது.